கல்லூரிப் பனிச்சறுக்குப் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் பனிச்சறுக்கு சாம்பியன்ஷிப் போட்டி 1954 முதல் நடந்து வருகிறது. 1983 முதல் ஆண்கள், பெண்கள் இரு பிரிவினரின் புள்ளிகளும் ஒரே அணிக்கணக்கில் சேர்கின்றன. மார்ச் மாதந்தோறும் சரிவின் ஓரத்தில் நின்று பார்க்கையில், நான் செய்த தவறுகளையே புதியவர்களும் செய்வதைக் காண்கிறேன். கையுறையை மறப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்டைத் தவறவிட்டதும் விலகிவிடுவது

கேட்டு என்பது இறங்கும் பாதையைக் குறிக்க நடப்படும் கம்பங்கள்; ஒவ்வொன்றையும் கடந்தே இறங்க வேண்டும். பருவம் முழுவதும் நடக்கும், கார்னிவல் எனப்படும் கல்லூரிப் போட்டிகளில் ஒரு கல்லூரியிலிருந்து பலர் இறங்கலாம். அவர்களில் சிறந்த மூவரின் புள்ளிகளே சேரும். ஆகவே, வென்றால் வெற்றி, தவறினால் விலகல் என்ற பழக்கம் படிந்துவிடுகிறது. சாம்பியன்ஷிப்பிலோ ஒரு பந்தயத்துக்கு மூவருக்குத்தான் இடம். மூவரின் புள்ளிகளும் கணக்கில் வரும், ஈடுகட்ட நான்காமவர் இல்லை.

என் கடைசி ஆண்டில், கேட்டுகள் நெருக்கமாக நிற்கும் ஸ்லாலம் என்னும் சரிவுப் பந்தயத்தில், முடிவுக்கோட்டுக்கு ஏழு கேட்டுகள் இருக்கும்போது ஒன்றைத் தவறவிட்டேன். "மேலே ஏறு!" என்று பயிற்சியாளர் கத்தியது நன்றாகவே கேட்டும், கேளாதவனைப் போல ஓரமாகச் சறுக்கி இறங்கிவிட்டேன். கடைசி ஆளாக முடித்திருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளைவிடக் குறைந்த இடைவெளியில் எங்கள் அணி ஓர் இடம் கீழே இறங்கியது. என்னோடு இறங்கிய அணித்தோழர்கள் இருவரின் முகங்களையும் நான் இன்னும் மறக்கவில்லை.

ஸ்லாலத்தில், அடுத்து வருபவருக்கு இடையூறு செய்யாதவரை, நின்றுவிட்டாலும் திரும்ப மேலேறி அந்தக் கேட்டைக் கடந்து ஓட்டத்தைத் தொடர விதி இடம் தருகிறது. கேட்டுகள் இன்னும் தள்ளித்தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலத்தில் முற்றிலும் நின்றுவிட்டால் ஓட்டம் முடிந்தது. இந்த வேறுபாடு தெரிந்தும் ஸ்லாலத்தில் கோலை வீசிவிட்டு நகரும் மாணவரைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இரண்டாம் ஓட்டத்தின் பாதையைப் பார்க்காமல் இருப்பது

கேட்டுகள் மாற்றி நடப்பட்டிருக்கும். மறுபடி பாருங்கள்.

விடியற்காலையில் மட்டும் மெழுகைச் சோதிப்பது

மார்ச்சில் காலையில் இறுகியிருக்கும் பனி, வெயில் ஏறியதும் ஈரமாகிவிடும். ஏற்ற இறக்கமான நெடுந்தொலைவுப் பாதையில் நடக்கும் கிளாசிக் பந்தயத்தில், சறுக்குப்பலகையின் அடியில் பிடிப்புக்காகத் தடவும் மெழுகு, நிழலில் நன்றாகப் பிடித்து, வெயில் பட்ட ஏற்றத்தில் வழுக்கும். புதுப்பனி விழுந்து வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் அடியில் பனி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே கடைசிச் சோதனையைப் பந்தய நேரத்தை ஒட்டி, நிழல், வெயில் இரண்டிலும் செய்யுங்கள்.

உயரத்தை மறப்பது

சாம்பியன்ஷிப் நடந்துள்ள கொலராடோ மாநில ஊரான ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது; அங்கே சீக்கிரம் மூச்சு வாங்கும். முதல் ஏற்றத்தில் அடக்கியே செல்லுங்கள்.