கொல்லையில் ஆறு நாட்டுக்கோழி: முதலில் கூடு, அப்புறம் கோழி

கோழியை வாங்கிக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் பலரும் அதை எங்கே அடைப்பது என்று யோசிக்கிறார்கள். அன்று ராத்திரி ஒரு கூடையைக் கவிழ்த்து மேலே கல்லை வைக்கிறார்கள். கீரிப்பிள்ளைக்கு அந்தக் கல் ஒரு பொருட்டே இல்லை.

நாட்டுக்கோழி வளர்ப்பில் காசும் கவனமும் போக வேண்டிய இடங்கள் இரண்டுதான்: ராத்திரிக் கூடு, தடுப்பூசி. மற்றதில் பாதியைக் கோழியே பார்த்துக்கொள்ளும். 1 சேவல், 5 பெட்டை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1. கூடு

ஒரு கோழிக்கு 2 சதுர அடி. ஆக 4 அடி நீளம், 3 அடி அகலம் இருந்தால் ஆறுக்கும் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்கிக் கட்டுங்கள். மழைத் தண்ணீர் ஏறாது, அடியில் கூட்டிப் பெருக்கவும் முடியும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போதுதான் வெயில் நேராக உள்ளே அடிக்காது.

வலையில் கஞ்சத்தனம் வேண்டாம். கோழி வலை என்று கடையில் தருகிற மெல்லிய அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். நாய் இழுத்தால் பிய்ந்துவிடும், கண் வழியாகப் பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். கதவுக்குக் கயிறு கட்டாமல் கொண்டி போடுங்கள். கூரைக்கு ஓடு நல்லது. தகரம்தான் இருக்கிறது என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள், சித்திரை வெயிலில் உள்ளே வெந்துபோகாது.

கூட்டின் உள்தரையிலிருந்து ஓரடி உயரத்தில் குறுக்கே ஒரு சவுக்குக் கம்பு. கோழி கம்பில் ஏறித்தான் தூங்கும். ஒன்றுக்கு 8 அங்குலம் என்றால் 4 அடிக் கம்பு ஆறுக்கும் கணக்காக இருக்கும். முட்டையிட, இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட பழைய கூடை இரண்டு.

கூட்டின் உள்தரையில் 2 அங்குலத்துக்கு உமி. அதில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரித்துப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நின்றால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். கிளறிவிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறவரை காத்திருந்தால் கோழிக்குச் சளி பிடிக்கும்.

2. கோழி வாங்குவது

சந்தையில் வாங்காதீர்கள். நாலு ஊர்க் கோழி ஒன்றாகக் கூடும் இடம் அது, நாலு ஊர் நோயும் அங்கே இருக்கும். தெரிந்த வீட்டில், முட்டைக்கு வரப்போகிற 5, 6 மாதப் பெட்டையாகக் கேளுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ரகம்தான் என் சிபாரிசு. உடம்பு சின்னது, பருந்தைப் பார்த்தால் ஓடி ஒளியும், அடைக்கு நன்றாக உட்காரும். பெருவிடைக்கு எடை உண்டு, வம்பும் உண்டு. முட்டை மட்டும் போதும் என்பவர்கள் வனராஜா, கிராமப்பிரியா போன்ற ரகங்களை வாங்கலாம். முட்டை கூடுதலாக வரும், ஆனால் அடைக்கு உட்காருவது அபூர்வம்.

வாங்கும்போது கண் தெளிவாக, மூக்கு ஒழுகாமல், பின்பக்க இறகு சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். இறக்கையைத் தூக்கி அடியில் செல் (கோழிப்பேன்) ஊர்கிறதா என்றும் பாருங்கள். கொண்டுவந்ததும் 4, 5 நாள் கூட்டுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள். அப்புறம் திறந்துவிட்டால் சாயங்காலம் தானாக வந்து ஏறும். பின்னாளில் புதுக்கோழி வாங்கினால் அதை 2 வாரம் தனியாக வைத்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

3. தீனி

பகலெல்லாம் மேய்கிற கோழிக்குச் சாயங்காலம் ஒரு பிடி கம்போ சோளமோ குருணையோ போதும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூள் ஒரு ஓரத்தில் இருக்கட்டும். பூஞ்சை பிடித்த தானியமும் புண்ணாக்கும் மட்டும் கூடவே கூடாது.

செலவில்லாத புரதம் வேண்டுமா? பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகள் முன்னால் உதறுங்கள்.

4. தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்தில்லை. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து முறுக்கும், இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அவை தடுப்பூசிக்குப் பதிலாகாது.

குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 4ஆம் வாரம் மறுபடி சொட்டு, 8ஆம் வாரம் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதம் கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள், வெயில் காலத்துக்கு முன்னால் போட்டுவிடலாம். மருந்துக் குப்பி நூறு கோழி கணக்கில் வரும். கலந்துவிட்டால் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் தெருவில் கோழி வைத்திருக்கிற எல்லோரையும் கூட்டி ஒரே நாளில் போடுவதுதான் புத்திசாலித்தனம். வாங்கிவரும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க் மறக்க வேண்டாம்.

நோயில் செத்த கோழியைக் குப்பையில் எறியாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

5. அடை வைப்பது

பெட்டை முட்டைக் கூடையை விட்டு எழாமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமினால் அடைக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டை 10 போதும். பிரிட்ஜில் இருந்ததை வைக்காதீர்கள். அகலமான மண்சட்டியில் மணல், மேலே வைக்கோல், அதன்மேல் முட்டை. இடிக்கு முட்டை கெடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் ஓர் இரும்புத் துண்டும் கரியும் வைக்கச் சொல்வார்கள். வைத்துவிடுங்கள், அதற்காக ஒரு சண்டை எதற்கு!

7ஆம் நாள் ராத்திரி செல்போன் டார்ச் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள், 21இல் பொரியும்.

பொரித்த குஞ்சுகளைத் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் (பெரிய மூங்கில் கூடை) கவிழ்த்து வையுங்கள். முதல் சில வாரம் காக்கையும் பூனையும்தான் பெரிய எதிரி. இரண்டு மாதம் போனால் தாயே கொத்தி விலக்கிவிடும். அதற்குள் சேவல் குஞ்சு எது என்று கொண்டையைப் பார்த்தே தெரிந்துவிடும். அவற்றை வளர்த்து விற்பதா குழம்பு வைப்பதா என்பது உங்கள் பாடு. ஒரே கூட்டில் இரண்டு பெரிய சேவல் மட்டும் வேண்டாம்.