சென்னைப் பூங்காக்களில் கலைநிகழ்ச்சி: தேதி குறிக்கும் முன்

ஆகாத நாட்களை முதலில் அடித்துவிடுங்கள்: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை பருவமழை, மார்ச்சில் பொதுத்தேர்வு. திறந்தவெளிக்குப் பொங்கல் வாரம்தான் தோது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழாவும் பொங்கலை ஒட்டியே நடக்கிறது.

ஒரே பூங்காவில் எல்லாக் கலையையும் அடுக்காதீர்கள். பக்கத்து மேடையில் பறை அதிர்ந்தால் வில்லுப்பாட்டில் ஒரு வரிகூடக் காதில் விழாது.

ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் நிரலை 9.30க்கே முடிப்பதாகப் போடுங்கள். பொன்னாடையும் வரவேற்புரையும் எப்படியும் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். அதனால் ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில் சிறியவை நான்கை, வீடுகளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். ஜெனரேட்டர் கேபிள் நடைபாதையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் மேட் போட்டு மூடுங்கள்.