குளிருக்கு முன் பறிப்பு: எங்கே வீணாகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோரத்தில், சாட்ஸ்வொர்த் பக்கம், உறைபனிக்குப் பயமில்லை. ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் அப்படியல்ல. குளிர் தொடங்கும் மே மாதத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் மிளகாய்ச் செடியும் கத்தரியும் விடிகாலையில் வெந்த கீரைபோல் தொங்கும். "இன்னும் ஒரு வாரம் பழுக்கட்டும்" என்று விடுவதுதான் முதல் தவறு. முழு அளவுக்கு வளர்ந்து பச்சை வெளுத்த தக்காளியைப் பறித்து, பழுத்த வாழைப்பழத்தோடு பெட்டியில் மூடி வைத்தால் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவில் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்காது, ருசியும் போகும்.

பூசணியைக் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்த இடத்தில்தான் அழுகல் நுழைகிறது. 5 செ.மீ. காம்பு விட்டு வெட்டி, தோல் கெட்டியாகும்வரை 10 நாள் வெயிலில், இரவில் உள்ளே எடுத்து வைத்து, ஆற விடுங்கள்.

கறிவேப்பிலையை வெயிலில் காயவைத்தால் நிறமும் மணமும் போய்விடும். கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்து, உருவி ஃப்ரீசரில் போடுவதே மேல். பீன்ஸ் அப்படியல்ல: கொதிநீரில் 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில், பிறகுதான் ஃப்ரீசர். இல்லாவிட்டால் காயிலுள்ள நொதிகள் உறைநிலையிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும்.

பெரிய பிழைகள் ஊறுகாயில்தான். கேரட், பீன்ஸ், காலிஃப்ளவர், பச்சை மிளகாயைக் கழுவிய ஈரத்தோடு ஜாடியில் போட்டால், காயிலிருந்து கசியும் நீர் வினிகரைத் தண்ணியாக்கி, பூஞ்சை கட்டும். நறுக்கி, உப்புப் பிரட்டி, ஒரு நாள் வெயிலில் சுருள வையுங்கள். லெனேசியா இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காற்று இதற்கு வரம். கடற்கரையில் இரண்டு நாள் பிடிக்கலாம். வினிகர் 5 சதவீத அமிலம் உள்ளதாக இருக்கட்டும், அதில் தண்ணீர் கலக்காதீர்கள். காய் மிதந்தால் மேலுள்ளது கெடும், முழுதும் மூழ்க வேண்டும்.

பச்சைப் பூண்டையும் மிளகாயையும் வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத, அமிலமில்லாத இடத்தில் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நச்சு உண்டாகலாம். மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. வினிகர் சேர்க்காவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடியுங்கள். ஐந்தாம் நாள் "நல்லாத்தானே இருக்கு" என்று சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.