மின்கட்டணம் ஏன் ஏறியது? மின்மானியை வைத்தே கண்டுபிடிக்கும் முறை

கட்டணப் பட்டியல் வழக்கத்தைவிட அதிகமாக வந்துவிட்டால், வீட்டில் முதலில் பழி ஏற்பது ஏசி அல்லது விடுமுறைக்கு வந்து தங்கிய உறவினர். இரண்டும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஊகத்தை விட்டுவிட்டு மின்மானியை வாசித்தால், ஒரே நாளில் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தேவையானவை கடந்த சில மாதப் பட்டியல்களும், நொடி காட்டும் கைத்தொலைபேசியும், சுவிட்சுகளை நிறுத்த இன்னொருவரின் உதவியும் மட்டுமே.

முதற்படி: ரூபாயைப் பார்க்காதீர்கள், அலகையும் நாட்களையும் பாருங்கள்

மானி வாசிப்பாளர் ஒவ்வொரு மாதமும் அதே திகதியில் வருவதில்லை. சென்ற மாதம் 28 நாட்களுக்கு 98 அலகு, இந்த மாதம் 33 நாட்களுக்கு 117 அலகு என்றால், நாளொன்றுக்கு இரண்டுமே ஏறத்தாழ 3.5 அலகுதான், அதாவது பாவனை கூடவே இல்லை. இப்படி வகுத்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதப் புழுக்கத்தின் பட்டியலை டிசம்பர் மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது நியாயமானது.

அலகு சிறிதளவே கூடியிருக்க, தொகை மட்டும் பாய்ந்திருந்தால் காரணம் கட்டணப் படிகளில் இருக்கும். இலங்கையில் மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, அதைத் தாண்டும் வீட்டுக்கு வேறோர் அட்டவணை. தாண்டியவருக்கு முதலாவது அலகிலிருந்தே அந்த இரண்டாவது அட்டவணைதான் பொருந்தும். அதிலும் 90, 120, 180 என்று படிகள் உண்டு. படி ஏற ஏற நிலையான கட்டணமும் ஏறும். எனவே 58 அலகுக்கும் 64 அலகுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் வெறும் ஆறு அலகின் விலை அல்ல.

இரண்டாம் படி: வாசிப்பு உங்களுடையதுதானா?

பட்டியலில் உள்ள வாசிப்பு, இன்று மானி காட்டும் எண்ணைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. இருந்தால் அது தவறான வாசிப்பு. கேற் பூட்டியிருந்த மாதத்தில் சராசரியாகக் கணக்கிட்டிருந்தால், விடுபட்ட அலகுகள் அடுத்த மாதத்தில் சேர்ந்து வரலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளைப் போலக் கீழ்த்தளத்தில் மானிகள் வரிசையாக இருக்கும் இடங்களில், மானியின் தொடரிலக்கத்தையும் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: சிமிட்டலை எண்ணுதல்

டிஜிட்டல் மானியில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஓர் அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்பது முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 1600 என்றால், பத்துச் சிமிட்டலுக்கு எடுக்கும் நேரத்தை, முதற் சிமிட்டலைப் பூச்சியமாக வைத்து, நொடிகளில் அளந்து, 22,500ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்நேரத்தில் ஓடும் வாட் அளவு கிடைக்கும். 90 நொடி என்றால் 250 வாட். அது ஓயாமல் ஓடினால் நாளுக்கு 6 அலகு. முகப்பில் 3200 என்றிருந்தால் 11,250ஐ வகுக்க வேண்டும்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அப்போதும் விளக்கு சிமிட்டினால், மானியில் பழுது அல்லது மெயின் சுவிட்சுக்கு முன்பே யாரோ வயர் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் நிறுத்தியதும் பக்கத்து அனெக்ஸிலோ படிக்கட்டிலோ மின்குமிழ் அணைந்தால், அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டி வருகிறீர்கள். பிறகு மெயினைப் போட்டு, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எதை நிறுத்தும்போது சிமிட்டல் மெதுவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மானியின் முத்திரையை மட்டும் தொடவே கூடாது.

"எங்கோ கரண்ட் லீக்காகிறது" என்ற பேச்சை நான் அதிகம் நம்புவதில்லை. வீடுகளில் பொதுவாக உள்ள ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கு மேல் கசிந்தால் விழுந்துவிடும். அதற்குட்பட்ட கசிவு 230 வோல்ட்டில் 7 வாட்டைக்கூடத் தொடாது, மாதம் முழுதும் சேர்ந்தாலும் ஐந்து அலகுதான். ஆனால் சோதனைப் பொத்தானை அழுத்தியும் அந்த சுவிட்ச் விழாவிட்டால், கட்டணத்தை மறந்துவிட்டு முதலில் மின் தொழில்நுட்பவியலாளரை அழையுங்கள்.

நான்காம் படி: இரவு வாசிப்பு

விட்டுவிட்டு இயங்கும் பொருள் சிமிட்டல் சோதனையில் தப்பிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. பகலில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் ஏசி போடாத ஓர் இரவில், பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் எடுத்த வாசிப்புகளின் வித்தியாசம் மூன்று அலகை நெருங்கியது. குளிர்சாதனப் பெட்டியும் இரண்டு மின்விசிறிகளும் ஒன்றரை அலகைத் தாண்டியிருக்கக் கூடாது. கழிவறைத் தொட்டியின் ரப்பர் மூடி தேய்ந்து சத்தமில்லாமல் நீர் வழிய, குழாயில் அழுத்தம் குறையக் குறைய பிரஷர் பம்ப் இரவெல்லாம் தானாகவே இயங்கியிருக்கிறது. அம்மா அந்த உறுமலைப் பக்கத்து வீட்டுச் சத்தம் என்றே நினைத்திருந்தார். தொட்டி நீரில் சிறிது சாயம் விட்டு, அது கிண்ணத்தில் இறங்குகிறதா என்று பார்த்தால் இந்தக் கசிவு தெரிந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியே சந்தேகத்துக்குரியதானால், கதவு ரப்பரில் ஒரு கடதாசியை இடுக்கி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: சூடாக்கும் பொருட்கள்

குளியலறையின் 3000 வாட் ஹீட்டர் 20 நிமிடத்தில் ஓர் அலகு எடுத்துவிடும். நால்வர் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு இரண்டு அலகு. கைத்தொலைபேசிச் சார்ஜரைத் தேடித் தேடிக் கழற்றுவதில் இதன் சிறு பங்கும் மிச்சமாகாது.

இவற்றிற்குப் பிறகும் கணக்கு ஒத்துவராவிட்டால், ஏழு நாட்களுக்கு ஒரே நேரத்தில் மானியைப் படமெடுத்து, கணக்கிலக்கத்தோடு பட்டியலில் உள்ள அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டு, மானியைப் பரிசோதிக்குமாறு கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறாமல் திரும்ப வேண்டாம்.