ஒரே பெயரில் இரண்டு கோப்பு நின்றால்

பழைய மேக்கில் இருந்த மொழிபெயர்ப்புக் குறிப்புகளை லினக்ஸ் கணினிக்கு மாற்றினேன். அங்கே ஒரே ஃபோல்டரில் ‘தொகுப்பு’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் நின்றன. ஒன்று நகல்தானே என்று அழித்துவிட்டேன். இரண்டு வாரத் திருத்தங்கள் அதில்தான் இருந்தன. இன்றும் மனசு ஆறவில்லை.

நடந்தது இதுதான். ‘தொ’வில் உள்ள துணையெழுத்தை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்தக் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8இல் ‘தொகுப்பு’ முதல் வகையில் 24 பைட், அடுத்ததில் 27 பைட். மேக்கின் பழைய கோப்பு அமைப்பான (வட்டில் கோப்புகளை வைக்கும் முறை) எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் வெறும் பைட்டை மட்டும் பார்ப்பதால் இரண்டையும் வேறு வேறு கோப்பாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் அப்படித்தான். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ்ஸோ இரண்டையும் ஒரே பெயராகவே கொள்ளும். அதனால் அந்த ஜோடியை அப்படியே அங்கே நகலெடுக்காதீர்கள், ஒன்றன்மேல் இன்னொன்று எழுதப்படலாம்.

சரி, என்ன செய்வது? முதலில் எதையும் அழிக்காதீர்கள். கோப்புப் பெயர்களைக் காட்டும் எல்எஸ் கட்டளையின் பட்டியலை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளைக்கு அனுப்பினால் பைட் வித்தியாசம் தெரியும். பெயரைத் தட்டச்சு செய்து பிடிக்க முடியாவிட்டால், எல்எஸ்ஸோடு ஐ என்ற விருப்பத்தைச் சேர்த்து, கோப்புக்கு லினக்ஸ் தரும் அடையாள எண்ணான ஐநோட் எண்ணை எடுத்து, அதைக் கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளைக்குக் கொடுத்து ஒரு கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது.

மிச்சக் கோப்புகளுக்கு, கோப்புப் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றும் கன்வ்எம்வி என்ற நிரல் போதும். என்எஃப்சி என்று கேட்டால் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். சும்மா ஓட்டினால் என்ன மாறும் என்று காட்டுவதோடு சரி. கட்டளையோடு நோடெஸ்ட் என்ற விருப்பத்தையும் சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். அதற்கு முன், அது காட்டிய பட்டியலை ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள்.

இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் அகலமே இல்லாத இடைவெளிக் குறி ஒளிந்திருக்கலாம். அப்போது தேடினால் கோப்பு கிடைக்காது. எக்ஸ்எக்ஸ்டியில் அதுவும் சிக்கும்.

நீளமான தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று: விண்டோஸ் 255 குறிகள் வரை ஏற்கும். லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், புள்ளிக்கும் துணையெழுத்துக்கும்கூட. ஆக 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். விண்டோஸில் நன்றாகத் திறந்த கோப்பு லினக்ஸுக்கு நகலாக மறுத்தால், நான் முதலில் எண்ணிப் பார்ப்பது இதைத்தான்.