லினக்ஸில் டார் உலாவி: நிறுவலும் கவனிக்க வேண்டியவையும்

டார் உலாவி, உங்கள் இணையத் தரவைப் பல கணினிகள் வழியே அனுப்பி, நீங்கள் யாரென்பதை மறைக்க உதவுகிறது. அதை உருவாக்கும் டார் புராஜெக்ட் அமைப்பின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கூடவே கையொப்பக் கோப்பையும் எடுத்து ஜிபிஜி (மின்கையொப்பத்தைச் சோதிக்கும் கருவி) கொண்டு சரிபாருங்கள். பொதியே போலி என்றால் மற்ற எல்லாம் வீண். ஹோம் கோப்புறையில் பிரித்து, சாதாரணப் பயனராக இயக்குங்கள். ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) வேண்டாம்.

இணைப்பு பாதியில் நின்றால் முதலில் கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள்; நேரம் பெரிதாகத் தவறினால் டார் இணையாது. வலையமைப்பே டாரைத் தடுத்தால், இணைப்பு அமைப்புகளில் ஸ்னோஃப்ளேக் பாலத்தை (தடையைத் தாண்டி டாருடன் இணைக்கும் மாற்று வழி) தேர்ந்தெடுங்கள்.

தரவு வழக்கமாக டார் வலையமைப்பின் 3 கணுக்களை (தரவைக் கடத்தும் கணினிகள்) கடந்து தளத்தை அடைகிறது. எச்டிடிபிஎஸ் (தளத்துடனான தொடர்பை மறையாக்கும் முறை) இல்லாத தளமானால், கடைசிக் கணுவை நடத்துபவர் அந்தத் தரவைப் படிக்க முடியும். கூடுதல் நீட்சிகள் சேர்க்காதீர்கள்: அவை உங்கள் உலாவியைத் தனித்துக் காட்டும். சொந்தக் கணக்கில் நுழைந்தால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். கணினியின் பிற செயலிகள் டார் வழியே போவதில்லை.