பழைய சிகரெட், பியர், சாராய விளம்பரப் பொருட்கள்: சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பழைய பலசரக்குக் கடைகளிலும் தேத்தண்ணீர்க் கடைகளிலும் தவறணைகளிலும் ஒருகாலத்தில் தொங்கிய எனாமல் பலகைகள், மேசையில் கிடந்த சாம்பல் கிண்ணங்கள், கம்பனி முகவர்கள் இலவசமாகக் கொடுத்த தட்டங்கள், கலண்டர்கள், போத்தல் திறப்பான்கள் ஆகியவை இன்று பணம் கொடுத்துத் தேடி வாங்கப்படும் பொருட்களாகிவிட்டன. இலவசமாக வந்தவை என்பதால் அவற்றை அன்று எவரும் பேணிவைக்கவில்லை. எஞ்சியிருந்தவற்றிலும் பெரும்பகுதி 1978 நவம்பர் சூறாவளியிலும், நீண்ட போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும் அழிந்துபோயிற்று. ஆகவே இப்பகுதியில் உண்மையாகவே பயன்பட்டு மிஞ்சிய ஒரு தகரப் பேணிகூட அரியது. அப்படிப்பட்ட பொருள் ஆர்வமிகுதியால் கெடுவதையும், அதன் பெயரில் போலிகள் நல்ல விலைக்குக் கைமாறுவதையும் காணும்போது வேதனையாக இருக்கிறது. சில அடிப்படைகள் தெரிந்திருந்தால் இவை இரண்டையும் தவிர்க்கலாம்.

மிகப் பரவலான தவறு, பொருளின்மேல் எழுதியிருப்பதை அப்படியே அதன் வயதாகக் கொள்வதாகும். ஒரு பலகையில் ‘சிலோன்’ என்று இருந்தால் அது 1972க்கு முற்பட்டது என்று விற்பவர் உறுதியாகச் சொல்வார். நாட்டின் பெயர் அந்த ஆண்டில் மாறியது உண்மைதான். ஆனால் 1932இல் பதிவுசெய்யப்பட்ட சிலோன் டொபாக்கோ கம்பனி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே அச்சொல்லைத் தாங்கிய பொருள் எண்பதுகளிலும் அதற்குப் பின்னரும் வெளிவந்திருக்கலாம். அதேபோல, லயன் பியரின் சிட்டையில் காணப்படும் 1881 என்ற ஆண்டு நுவரெலியா மதுவடிசாலையின் தொடக்கத்தைக் குறிப்பதாகும். ஜோனி வோக்கர் விஸ்கியின் 1820 அந்த வணிகத்தின் தொடக்கத்தைக் குறிப்பதாகும். கையிலுள்ள தட்டத்துக்கும் கண்ணாடிக்கும் அவற்றில் எதுவும் பிறந்த ஆண்டு அல்ல.

பொருளில் உள்ள எழுத்து நமக்குச் சொல்லக்கூடியது ஒரு கீழெல்லையை மட்டுமே: எந்த ஆண்டுக்கு முன்னர் அது செய்யப்பட்டிருக்க முடியாது என்பதே அது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற கம்பனி 1902இல் உருவானதால் அப்பெயருள்ள பேணி அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. நடந்துசெல்லும் கனவானின் உருவத்தை ஜோனி வோக்கருக்காக 1908இல் ரொம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். அந்த உருவம் உள்ள எதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக இயலாது. இலங்கைக் கம்பனி ஒன்றின் பெயரீற்றில் ‘பிஎல்சி’ (பொது வரையறுக்கப்பட்ட கம்பனி) என்று இருந்தால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்த பின்னர் அச்சிடப்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். மேல் எல்லையைப் பொருளின் உலோகமும் தாளும் மையும்தான் காட்டவேண்டும்.

தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கு இங்கே வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் நம்மவர் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளின் ஐகாரக் குறி துதிக்கை போல வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணா, றா, னா ஆகியவற்றின் காலும் தனியே நிற்காமல் எழுத்தோடு இணைந்து சுழிந்திருக்கும். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையிட்ட பின்னரே இன்று நாம் எழுதும் வடிவங்கள் பொதுவழக்காயின. ‘புகையிலை’, ‘விலை’ ஆகிய சொற்கள் இல்லாத விளம்பரப் பலகை குறைவு. ‘1940களின் அசல்’ என்று காட்டப்படும் பலகையில் அந்த ‘லை’ இன்றைய கணினி எழுத்தின் வடிவில் இருந்தால், விலை பேசுவதற்கே இடமில்லை. மறுதலையாக, பழைய வடிவம் இருப்பதை மட்டும் வைத்து 1978க்கு முந்தியது என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய ஈய எழுத்துகள் சிறிய அச்சகங்களில் அதன் பின்னரும் பயன்பட்டன. பழைய வடிவத்தைப் பார்த்து வரையத் தெரிந்த போலிக்காரரும் இருக்கக்கூடும்.

எனாமல் பலகைகளில்தான் ஏமாற்றம் மிக அதிகம். எனாமல் என்பது வண்ணப்பூச்சு அன்று. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் பரப்பி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஒட்டவைப்பது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே இட்டுச் சூளையில் சுட்டதனால், எழுத்தின் விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டினால் நிறம் மாறும் இடத்தில் ஒரு சிறு படி தட்டுப்படும். பெரும்பாலான பழைய பலகைகளின் பின்புறத்திலும் எனாமல் பூசப்பட்டிருக்கும். உண்மையான பலகையில் எனாமல் உடைந்த இடத்தைப் பார்த்தால், நடுவில் கருமைகலந்த பழுப்புக் கறளும், அதைச் சுற்றி அடிப்பூச்சின் கரும் வளையமும், அதன் வெளியே மேல்நிறத்தின் விளிம்பும் அடுத்தடுத்து நிற்கும். ஆணித்துளைகளைச் சுற்றி, ஆணித்தலை பல ஆண்டுகள் அழுத்திய இடம் வட்டமாகச் சிதைந்திருக்கும்.

போலியில் இந்த ஒழுங்கு இராது. தகரத்தில் சாதாரண வண்ணம் பூசி, சுத்தியலால் தட்டி, உப்புநீரில் ஊறவைத்துப் பழமை ஏற்றுவார்கள். கறள் செம்மஞ்சள் நிறமாக விரலில் ஒட்டிக்கொள்ளும். காயங்கள் பலகை முழுவதும் கண்ணுக்கு அழகாகப் பரவியிருக்கும். ஆனால் ஆணித்துளை மட்டும் புதிதாக இருக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியம் என்று உடனே ஒதுக்கிவிடலாம். காந்தம் ஒட்டுவதால் மட்டும் அசலாகிவிடாது. ஏனெனில் இந்தியாவில் இரும்புத் தகட்டில் மெய்யான எனாமலே சுட்டுச் செய்யப்படும் மறுவாக்கங்களும் சந்தையில் உள்ளன. இவற்றுக்கும் மேலாக, முன்பு ஒருபோதும் வெளிவராத வடிவத்தைப் புதிதாகக் கற்பனை செய்து, வீட்டுச் சுவரில் மாட்ட வசதியான அளவில் செய்து விற்பவர்களும் உண்டு. ஒப்பிட்டுப்பார்க்க அசல் எதுவும் இல்லாததால் அவற்றைப் பிடிப்பது கடினம்.

தாளில் அச்சிட்டவற்றுக்கு நகைக்கடையில் பயன்படும் 10 மடங்கு உருப்பெருக்கியே போதும். பழைய கல்லச்சு வண்ணப்படத்தில் புள்ளிகள் கையால் இட்டவையாக, ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். பிற்கால ஓப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூவடிவில் ஒழுங்காக அமையும். கள்ளநோட்டைப் பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டில் தாளின்மேல் பிடித்துப் பார்ப்பதும் நல்லது. தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருட்கள் 1950 அளவிலிருந்தே பரவலாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே தாள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கலண்டர் அன்று. பிரித்தானியக் கம்பனிகள் சிகரெட் பெட்டிக்குள் வைத்த படஅட்டைகள் தாள் தட்டுப்பாட்டினால் 1940இல் நின்றுபோயின. ஆனால் அவற்றின் மறுபதிப்புகள் இன்றும் ஏராளமாக வருகின்றன.

மதுக்கடைச் சுவர்களில் மாட்டும் விளம்பர முகக்கண்ணாடிகளில் பெரும்பாலானவை 1970களில் பழைமை மோகத்துக்காகவே செய்யப்பட்டவை. அவற்றுக்கே இப்போது ஐம்பது வயதாகிவிட்டதால், பின்பலகை பழுத்திருப்பது எதையும் மெய்ப்பிக்காது. கின்னஸ் பியர் விளம்பரத்துக்காகக் கார்ல்ட்டன் வெயார் என்ற பீங்கான் கம்பனி செய்த சுவரில் பறக்கும் தூக்கான் பறவைகளுக்குப் போலிகள் மிகுதி; அடியிலுள்ள முத்திரையையும் சேர்த்தே போலி செய்கிறார்கள்.

இனி, அசலே கிடைத்தாலும் வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே அதைக் கெடுத்துவிடும் தவறுக்கு வருகிறேன். நம் வீடுகளில் பித்தளையைப் பழப்புளியாலும் தேசிக்காயாலும் தேய்த்து மினுக்குவது நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. குத்துவிளக்குக்கு அது பொருந்தும். நிறம் பூசிய எழுத்துள்ள பித்தளைச் சாம்பல் கிண்ணத்துக்குப் பொருந்தாது. புளியின் அமிலம் பல பத்தாண்டுகளில் படிந்த நிறத்தைக் கரைத்து, எழுத்துக் குழிகளில் மிஞ்சியிருந்த வண்ணத்தையும் பெயர்த்துவிடும். படம் அச்சிட்ட தகரப் பேணியை இரும்புக் கம்பிச் சுருளாலோ உலோக மினுக்கியாலோ தேய்த்தால் முதலில் மேல் வார்னிஷும், அடுத்த தேய்ப்பில் படமும் போய்விடும். தேங்காயெண்ணெய் தடவுவது அன்று பளபளப்பைத் தரும். பின்னர் எண்ணெய் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எனாமலுக்கு இளஞ்சூட்டு நீரும் சிறிது மென்மையான சவர்க்காரமும் பஞ்சுத் துணியும் போதும். உடைந்த இடத்தை உடனே ஒற்றி உலர்த்தவேண்டும். அச்சிட்ட தகரத்தை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துவதே பாதுகாப்பு. மறுவண்ணம் பூசுவதை எக்காரணம் கொண்டும் செய்யவேண்டாம். பழைய வண்ணங்களிலும் எனாமலிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், சிறுவர் உள்ள வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது உடல்நலத்துக்கும் கேடு.

தாள் விளம்பரத்தை லமினேற் செய்வது நம் ஊரில் மிகுந்த நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெருங்கேடு. வெப்பத்தில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைத் தாளுக்குச் சேதமின்றி மீண்டும் பிரிக்கமுடியாது. உள்ளே அகப்பட்ட ஈரமும் அமிலமும் தாளைத் தொடர்ந்து அரிக்கும். ஒட்டுநாடாவும் அவ்வாறே பழுத்துக் கறையாகும். சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு, பின்புறத்தில் ஹார்ட்போர்டுக்கு முன் அமிலமற்ற அட்டை ஒன்றை வைக்கவேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் ஊறிப் பருக்கும் தாள், ஆண்டின் நடுவில் வீசும் கச்சான் காற்றில் காய்ந்து சுருங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு இது நடக்கும்போது மடிப்புகள் வெடிக்கின்றன. வாவியையோ கடலையோ பார்த்த வெளிச்சுவரில் இவற்றை மாட்டாமல், உட்சுவரில் சிறிது காற்றோட்டம் விட்டு மாட்டுவது நல்லது.

50 சிகரெட் அடங்கிய வட்டப் பேணிகளின் மூடியில் ஒரு சிறு வெட்டுமுனை உண்டு; அதை அழுத்தி மூடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் மெல்லிய உலோகத் தகடு வெட்டுப்படும். அத்தகடு வெட்டப்படாத பேணி மிக அரிது. ‘உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று திறந்தவுடன் அந்த அருமை போய்விடும். ஏற்கெனவே திறந்த பேணியாயின், எஞ்சிய புகையிலையை அகற்றிவிடுங்கள். புகையிலையைத் தின்னும் சிறு வண்டு அதோடு நில்லாமல் அருகிலுள்ள நூல்களையும் துளைக்கும். போத்தல்களின் சிட்டையைக் காப்பாற்ற எண்ணி நீரில் ஊறவைத்துக் கழற்றுவதும் தவறு. போத்தலும் சிட்டையும் சேர்ந்திருக்கும்போதுதான் இரண்டுக்கும் பொருள் உண்டு. முத்திரை உடையாத பழைய சாராயப் போத்தலைச் சேகரிப்புப் பொருள் என்று சொல்லி விற்பதும், மதுவரிச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மது விற்பதாகவே கொள்ளப்படலாம்.

சட்டத்தைப் பற்றிய அலட்சியம் அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் விடுதி நடத்துவோரிடம் அதிகம் காணக்கூடிய தவறு. புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம், இவ்விரண்டுக்குமான விளம்பரங்களைத் தடைசெய்கிறது. பலகை பழையது என்பதால் அதிலுள்ள வாசகம் விளம்பரமாக இல்லாமல் போய்விடாது. வீட்டுக்குள் ஒரு சேகரிப்பாக வைத்திருப்பது வேறு. வாடிக்கையாளர் வந்துபோகும் கூடத்திலோ வீதியைப் பார்த்த முகப்பிலோ அலங்காரமாகத் தொங்கவிடுவது வேறு. தொங்கவிடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது சிறிய செலவு. பாடசாலைக் கண்காட்சிக்கு இரவல் கொடுப்பதாயின், அப்பொருள் எதை, யாரிடம், எந்த உத்தியால் விற்க முயன்றது என்ற விளக்கக் குறிப்போடு மட்டுமே கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளக்கமின்றி வைத்தால் அந்த அழகிய படம் பிள்ளைகளிடம் தன் பழைய வேலையையே மீண்டும் செய்யும்.

விலையைப் பொறுத்தவரை, இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர் கேட்கும் தொகையைப் பார்த்து மதிப்பிடாமல், உண்மையில் விற்றுமுடிந்த தொகையைப் பார்க்கவேண்டும் என்பது மட்டும் போதும்.

வாங்கும்போது பலரும் கேட்காமல் விடுவது, பொருள் எங்கிருந்து வந்தது என்பதை. கல்முனைச் சந்தையருகே மூடப்பட்ட கடையிலிருந்து வந்த பலகை, மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் கிடந்த தட்டம் என்று இடமும் தெருவும் தெரிந்தால், எங்கும் அச்சிடப்பட்டிருக்கக்கூடிய ஒரு பொருள் இந்த மண்ணின் வணிக வரலாற்றுக்குரிய சான்றாகிறது. பழைய இரும்பு வாங்குபவரின் வண்டியில் ஏறி இரண்டு கை மாறிவிட்டால் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது. துடைப்பதற்கு முன்னரே முன்புறத்தையும் பின்புறத்தையும் ஆணித்துளைகளையும் படமெடுங்கள்; கடை எந்த ஊரில், எந்தச் சந்தியில் இருந்தது, எந்தக் காலம்வரை நடந்தது, பொருள் எந்தச் சுவரில் தொங்கியது என்று விற்பவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அக்குறிப்பைப் பொருளின்மேல் ஒட்டாமல், பென்சிலால் எழுதித் தனி உறையில் இட்டு, உறையிலும் படத்திலும் ஒரே இலக்கத்தைக் குறித்துவையுங்கள்.